டிரம்மில் ஷீட் ஃபிலிம் கழுவும்போது உள்ளே ‘டக்’: யாருக்காவது கேட்டதுண்டா?

பூக்கடை மருமகன்
சிங்கப்பூர் பஃபலோ சாலையில் மாமா பூக்கடையை மூடப்போகிறார் என்று தெரிந்ததும் தனித்தனி ஷீட்டாக ஃபிலிம் போடும் 4×5 அங்குலக் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஹெச்பி5 கறுப்பு வெள்ளை ஃபிலிம். நாரைப் பல்லில் கடித்தபடி மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார், அப்படி ஒரு படம். ராத்திரியே ரீலின் பள்ளங்களில் ஆறு ஷீட்டும் ஏற்றி, டிரம்மை உருளைமேல் வைத்துக் கையால் உருட்டினேன். படத்தைத் தோன்றவைக்கும் டெவலப்பர் ஊற்றிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்தது, சுற்றுக்கு ஒரு ‘டக்’. திறந்தால் வெளிச்சம் பட்டு ஆறும் போச்சு. உருட்டிக்கொண்டே இருந்தேன்.

படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸர் முடிந்து பார்த்தால், பக்கத்து ஷீட் பள்ளத்தை விட்டு நழுவி மாமா மேல் படுத்திருக்கிறது. அது மூடியிருந்த இடம் மட்டும் பால் வெள்ளை. மறுபடி ஃபிக்ஸரில் போட்டதும் அதுவும் கரைந்து வெறும் கண்ணாடியாகிவிட்டது. கை இருக்கிறது, பூ இருக்கிறது, முகம் இல்லை. மாமா ஊரோடு போய்விட்டார். அந்தச் சத்தம் மட்டும் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

பொங்கோல் 9ஆம் மாடி
எனக்கு டிரம் வரைக்கும்கூடப் போகவில்லை. ஷீட் ஏற்றுவது வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரில்தான். இரும்புக் கதவைச் சாத்தினால் அதைவிட நல்ல இருட்டறை வீவக அடுக்குமாடி வீட்டில் கிடையாது. ஆனால் காற்றும் கிடையாது. அரிசி மூட்டைக்கும் பெட்டிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து, வலது மேல் மூலையில் இருக்கும் வெட்டுக்குறியை விரலால் தடவி படம் பதியும் எமல்ஷன் பக்கம் எது என்று பார்க்கிறேன். மூக்கு நுனியில் வியர்வை திரள்வது தெரிகிறது. இரண்டு கையிலும் ஃபிலிம், துடைக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே அம்மா: “உள்ளே என்னடா பண்றே, உயிரோட இருக்கியா?” சொட்டு விழுந்தது. எந்த ஷீட்டில் என்று கழுவிய பிறகுதான் தெரிந்தது. மெரினா நீரணை வானத்தில் அழகாக ஒரு வட்டம்.

பழைய லென்ஸ்
மருமகன் தம்பி, சத்தம் கிடக்கட்டும். தண்ணீர் என்ன சூடு என்று சொல்லவே இல்லையே? நம்மூர்க் குழாயில் 28, 30 டிகிரிக்குக் குறைந்து வராது. எனக்கும் ஒருமுறை வானம் வரிவரியாக வந்தது, அதை விடுங்கள். ஹெச்பி5க்கு ஐடி-11 டெவலப்பர், சம அளவு தண்ணீர் கலந்து (1+1) என்றால் 20 டிகிரியில் 13 நிமிடம். ஓயாமல் சுழற்றினால் 15% வரை குறைக்கச் சொல்கிறது ஃபிலிம் தயாரிக்கும் இல்ஃபோர்ட், ஆகவே 11. அதையே 30இல் செய்தால் ஐந்து நிமிடம்கூடத் தேறாது. மருந்து சமமாகப் படர்வதற்குள் வேலை முடிந்துவிடும். 24க்கு இறக்குங்கள், அது போதும். ஐஸை மருந்துக்குள் போடக்கூடாது, புட்டியை ஐஸ் தண்ணீர் பேசினில் நிறுத்த வேண்டும். ஃபிக்ஸரும் கழுவும் தண்ணீரும் அதே சூட்டை ஒட்டி இருக்கட்டும். அப்புறம் முன்நனைப்பு, அதாவது டெவலப்பருக்கு முன் வெறும் தண்ணீரில் நனைப்பது. டிரம் தயாரிக்கும் ஜோபோ 5 நிமிடம் நனைக்கச் சொல்கிறது, இல்ஃபோர்ட் வேண்டாம் என்கிறது. சுழற்றுவதென்றால் நான் ஜோபோ கட்சி. மருந்தின் அளவும் முக்கியம். டிரம் நனைகிற அளவுக்கு ஊற்றினால் போதாது, கரைசலில் தண்ணீர் கலக்காத மூல மருந்து எத்தனை மில்லி என்று கணக்குப் பாருங்கள். 4×5 நாலு ஷீட் சேர்ந்தால் ஒரு 36 படச் சுருளின் பரப்பு. ஆறு என்றால் ஒன்றரைச் சுருள்!

உட்லண்ட்ஸ் வாசி
அண்ணே, அவர் கேட்டது சத்தத்தைப் பற்றி. நான் முன்நனைப்பே செய்வதில்லை, வரியும் வந்ததில்லை. சும்மா எல்லார் தலையிலும் அதைக் கட்டாதீர்கள்.

எனக்கும் ‘டக்’ கேட்டது. பிரிண்ட் கழுவும் பழைய டிரம், உள்ளே டி-மேக்ஸ் ஃபிலிம் நாலு ஷீட். போச்சு என்றே நினைத்தேன். திறந்தால் ஷீட் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. மூடிதான் லொடலொட. சத்தமே வராத கோளாறு வேறு இருந்தது. ஒரு ஷீட்டின் முதுகு டிரம் சுவரோடு ஒட்டி, அந்தப் பக்கம் ஃபிக்ஸரே போகவில்லை. ஜன்னலில் தூக்கிப் பிடித்தால் நடுவில் ரோஸ் திட்டு. தட்டில் ஃபிக்ஸரை ஊற்றிப் போட்டேன், கண்முன்னே வெளுத்தது. அதனால் சத்தத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பூக்கடை மருமகன்
சூடு 24தான் அண்ணே, ஐஸ் பேசினோடுதான் உட்கார்ந்திருந்தேன். இனிமேல் ரீலில் நாலு ஷீட்தான், நடுப் பள்ளம் இரண்டும் காலி. உட்லண்ட்ஸ்காரர் சொல்வது சரி என்றால் அன்றைக்குக் கேட்டதும் மூடிதானோ என்னவோ. பொங்கோல், அந்த வியர்வை வட்டத்தை ஸ்கேன் பண்ணிப் போடுங்களேன், பார்ப்போம்.