பேதிக்கும் சளிக்கும் பிள்ளையை அட்மிட் பண்ண வேண்டி வந்ததா? முதலில் காட்டிய இடத்தில் சரியாகப் பார்த்திருந்தால் தவிர்த்திருக்கலாமா? உங்கள் பக்க அனுபவம் சொல்லுங்க

பென்னாகரம் பக்கத்திலிருந்து:
எங்கள் மூத்தவனுக்கு ஒன்றரை வயதில் பேதி வந்து தர்மபுரி ஜி.எச்.சில் ட்ரிப்ஸ் ஏற்றும் அளவுக்குப் போனது. இளையவளுக்கு அதே வயதில் அதே பேதி, வீட்டிலேயே சரியானது. உடம்பு வாகு என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கென்னவோ முதலில் காட்டிய இடம்தான் காரணம் என்று படுகிறது. மூத்தவனுக்கு டவுன் கிளினிக் ஒன்றில் ஊசி போட்டு, ஆன்டிபயாட்டிக் சிரப் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். குடிக்க என்ன கொடுப்பது, எதைப் பார்த்தால் திரும்ப ஓடி வருவது என்று ஒரு வார்த்தை இல்லை. மறுநாளே கண் உள்ளே போய்விட்டது.

இளையவளை பி.எச்.சி.க்கு (ஆரம்ப சுகாதார நிலையம்) தூக்கிப் போனேன். நர்சம்மா ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை முழுசாக அதில் கொட்டிக் கலக்கிக் காட்டினார். டம்ளரில் கண்ணளவுக்குப் போட்டால் உப்பு கூடும், இல்லை குறையும். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு, தாய்ப்பாலை நிறுத்தாதே, ஜிங்க் மாத்திரை 14 நாள், பேதி நின்றாலும் முழுசாகக் கொடு என்றார். எதையும் குடிக்க மாட்டேன் என்றாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ உடனே வா, ராத்திரியானால் 108-ஐக் கூப்பிடு. இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அஞ்செட்டி பக்கத்திலிருந்து:
உங்களுக்கு நர்சம்மா கிடைத்தார் அக்கா, எங்களுக்குப் பஸ்ஸே கிடைப்பதில்லை. மதியத்துக்கு மேல் போனால் டாக்டர் இருப்பாரா என்று தெரியாமல் யார் கூலியை விட்டுப் போவது, அதனால் சளி என்றால் மெடிக்கலில் ஏதோ ஒரு சிரப், அது கேட்காமல் நெஞ்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஓசூருக்கோ கிருஷ்ணகிரிக்கோ ஓடுகிறோம், அங்கே போனதும் ‘ஏன் இவ்வளவு லேட்டு’ என்று திட்டு வேறு. அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருவது நல்ல விஷயம், கைக்குழந்தை சளிக்கும் அப்படி யாராவது வந்தால் தேவலை.

காரிமங்கலம் பக்கம், நர்ஸ் வேலையில் இருக்கிறேன்:
சளியோடு வரும் பிள்ளைக்கு ஸ்டெதாஸ்கோப்பை விட முக்கியமானது மூச்சை எண்ணுவது. அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு முழுசாக ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். 2 மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் 5 வயது வரை 40, இதைத் தொட்டாலே நிமோனியாவாக இருக்கலாம். அந்த நேரத்திலேயே அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டிலேயே தேறிவிடும். ஆனால் ஓ.பி. வரிசை வாசல் வரை நிற்கும்போது ஒரு பிள்ளைக்கு முழு நிமிஷம் ஒதுக்குவது எவ்வளவு கஷ்டம் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. அட்மிஷன் அதிகம் என்றாலே பி.எச்.சி. மோசம் என்று எழுதாதீங்க. 2 மாதத்துக்குள் இருக்கிற சிசு 60-க்கு மேல் மூச்சு விட்டால் நாங்களே வண்டி ஏற்றி அனுப்புவோம், அது நாங்கள் வேலையை ஒழுங்காகச் செய்ததால் வந்த அட்மிஷன். ஒரே பிள்ளை வீசிங் (இழுப்பு) என்று திரும்பத் திரும்பப் படுக்கையில் சேர்ந்தால் அங்கேதான் கேள்வி கேட்கணும். பேதிக்கான ரோட்டா சொட்டு மருந்து நம் மாநிலத்தில் 2017-லும், நிமோனியாவுக்கான பி.சி.வி. ஊசி 2021-லும் அரசு அட்டவணையில் வந்துவிட்டது, இருந்தும் பெங்களூர் கட்டட வேலைக்குப் பிள்ளையோடு போகிற குடும்பங்களில்தான் தவணை விடுபடுகிறது. அங்கே எந்த அரசு சென்டரிலும் இலவசமாகப் போடுவார்கள், கார்டை மட்டும் கையோடு எடுத்துப் போங்க.

ஊத்தங்கரையிலிருந்து:
வீசிங் பிள்ளை எங்கள் வீட்டில்தான் இருக்கு சிஸ்டர். பனிக்காலம் வந்தாலே நெபுலைசேஷன், போன வருஷம் அட்மிஷன். இப்போது ஒரு டாக்டர் ஸ்பேசர் (இன்ஹேலர் மருந்தைப் பிள்ளை இழுக்க வசதியான குழாய்) வைத்து இன்ஹேலர் கொடுக்கச் சொல்லி, என் கையாலேயே செய்ய வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். ‘பம்ப் பழகிவிடும்’ என்று மாமியார் தினமும் சண்டை. ஸ்பேசர் விலைக்குத்தான் வாங்கினோம், உங்கள் பக்கம் எந்த பி.எச்.சி.யிலாவது கொடுக்கிறார்களா?