மறுமொழி: ஜெர்மன் வேற்றுமைகளுக்கு எண் வேண்டாம், உருபால் பெயரிடுவோம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஜெர்மன் இலக்கணத்தைத் தமிழில் விளக்கும் நம் கையேட்டுக்காக, கலைச்சொற்கள் பற்றி இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். மூன்று சொற்களில்தான் கருத்து வேறுபாடு நிற்கிறது: வேற்றுமைகளின் பெயர், முன்னிடைச்சொல்லுக்கும் (ஆங்கில 'in', 'with' போலப் பெயருக்கு முன் வருவது) வேற்றுமைக்கும் உள்ள உறவின் பெயர், பொருளுக்கேற்ப டாட்டிவ், அக்குஸாட்டிவ் என இரண்டு வேற்றுமையோடும் வரும் ஒன்பது முன்னிடைச்சொற்களின் பெயர். முதலாவதை நாம் மேலோட்டமாகக் கடந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். அதில் தவறினால் மற்ற இரண்டும் சரியாக அமையாது.

"டாட்டிவ் என்பது நான்காம் வேற்றுமை, அக்குஸாட்டிவ் என்பது இரண்டாம் வேற்றுமை, எல்லாருக்கும் தெரிந்ததுதானே" என்று ஒரு மடலில் இருந்தது. ஜெர்மன்காரர்களும் தங்கள் வேற்றுமைகளை எண்ணால் சொல்வதுண்டு. அவர்கள் வரிசையில் இரண்டாவது கெனிட்டிவ் (நம் ஆறாவது, உடைமையைச் சொல்வது), மூன்றாவது டாட்டிவ், நான்காவது அக்குஸாட்டிவ். வகுப்பில் ஆசிரியர் "ஃபியர்ட்டர் ஃபால்", அதாவது நான்காவது வேற்றுமை, என்றால் அது நம்முடைய இரண்டாவது. நம் கையேட்டைப் பார்த்துப் படித்த பிள்ளை அங்கே டாட்டிவைப் போடும். முதலாவதைத் தவிர ஓர் எண்கூட ஒத்துவராத இரண்டு வரிசைகளை ஒரே தலைக்குள் திணிப்பது கொடுமை.

எண்ணை விட்டுப் பொருளால் பெயரிடலாமா? "கொடை வேற்றுமை" என்ற பரிந்துரை அழகானது. ஆனால் ஜெர்மன் டாட்டிவ் கொடையோடு நிற்பதில்லை. இந்தோ-ஐரோப்பிய மொழியில் தனித்தனியாக இருந்த நீங்கல், இடம், கருவி வேற்றுமைகளின் வேலையெல்லாம் காலப்போக்கில் அதன் தலையில் வந்து விழுந்துவிட்டன. அதனால்தான் 'மிட்' (ஓடு), 'ட்ஸூ' (கு), 'அவுஸ்' (இலிருந்து), இருப்பைச் சொல்லும் 'இன்' (இல்) ஆகிய நான்கும் டாட்டிவையே கேட்கின்றன. தமிழில் மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது, ஏழாவது என்று பிரிந்து கிடப்பவை அங்கே ஒரே வடிவம். இதற்குப் பொருள் சார்ந்த எந்தப் பெயரை வைத்தாலும் முக்கால் பங்கு பொய்யாகிவிடும்.

தொல்காப்பியர் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அவர் வேற்றுமைகளை அடுக்கும்போது "பெயர் ஐ ஒடு கு இன் அது கண் விளி" என்று உருபையே பெயராக வைத்தார். ஜெர்மனில் வேற்றுமையைக் காட்டுவது பெரும்பாலும் பெயருக்கு முன் வரும் சுட்டு (ஆங்கில 'the' போன்றது). ஆண்பால் ஒருமையில் அது டேர், டேன், டேம், டெஸ் என நான்கு வடிவம் கொள்ளும். ஆகவே டேர்-வேற்றுமை (எழுவாய்), டேன்-வேற்றுமை (அக்குஸாட்டிவ்), டேம்-வேற்றுமை (டாட்டிவ்), டெஸ்-வேற்றுமை (கெனிட்டிவ்). யார், யாரை, யாருக்கு என்னும் கேள்விச் சொற்களும் வேர், வேன், வேம் என்று அதே ஈற்றோடுதான் வருகின்றன. ஜெர்மன்காரர்களே வேர்ஃபால், வேன்ஃபால், வேம்ஃபால், வெஸ்ஃபால் என்று பழைய முறையில் சொல்வார்கள். பெண்பாலில் டாட்டிவ் சுட்டு 'டேர்' ஆகிவிடுமே என்ற மறுப்பு வரும். அது உண்மைதான்; ஆண்பால் ஒருமை வடிவே பெயர் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்துவிடும்.

இரண்டாவது சொல். ஜெர்மன் இலக்கணத்தின் 'ரெக்ட்ஸியோன்' ஆள்வதைக் குறிக்கும் என்பதால் "வேற்றுமை ஆட்சி" என்று முன்மொழிந்திருக்கிறார்கள். தமிழில் சொல்லாட்சி என்றால் சொல்லைப் பயன்படுத்தும் முறை. வேற்றுமை ஆட்சி என்பதையும் வாசகர் அப்படித்தான் எடுத்துக்கொள்வார். "கொள்ளல்" போதும். 'பற்றி' ஐ கொள்ளும்: அவனைப் பற்றி. 'பிறகு' கு கொள்ளும்: அதற்குப் பிறகு. 'அவனுக்குப் பற்றி' என்று எந்தக் குழந்தையும் சொல்லாது. ஏன் என்று யாரும் கற்றுக்கொடுத்ததும் இல்லை. 'ஃப்யூர், டுர்ஹ், ஓனெ, கேகன், உம்' ஐந்தும் டேன் கொள்ளும், 'மிட், பை, நாஹ், ஸைட், ஃபொன்' டேம் கொள்ளும் என்று எழுதினால், தனக்குப் பழகிய ஒன்றுதான் இது என்று தமிழ் வாசகர் உடனே உணர்வார்.

மூன்றாவதில்தான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். அன், அவுஃப், ஹின்டர், இன், நேபன், யூபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷன். "மாற்று முன்னிடைச்சொல்" என்றால் வேறொன்றுக்குப் பதிலாக வருவது என்று பொருள்படும். "இருவேற்றுமைச் சொல்" என்றால் 'வேகன்' (காரணமாக) போன்றவையும் உள்ளே வந்துவிடும். எழுத்தில் டெஸ், பேச்சில் டேம் என்று அதுவும் இரண்டு கொள்கிறது, பொருள் மட்டும் மாறுவதில்லை. "அசைவு இருந்தால் டேன், இல்லாவிட்டால் டேம்" என்று பல வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் விதியும் பிழை. பூங்காவுக்குள்ளேயே ஓடுகிறவன் அசைகிறான், ஆனாலும் 'இம் பார்க்', அதாவது 'இன் டேம்'. வெளியிலிருந்து பூங்காவுக்குள் ஓடினால்தான் 'இன் டேன் பார்க்'. வேறுபாடு இருப்பிடத்துக்கும் சேரிடத்துக்கும் இடையில். சேரிடம் அறிந்து சேர் என்று ஔவை சொன்னதில் உள்ள அதே சொல்.

தமிழருக்கு இது ஏன் கடினம் என்பதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. "புத்தகம் மேசை மேல் கிடக்கிறது", "புத்தகத்தை மேசை மேல் வைத்தேன்": நமக்கு இரண்டும் மேசை மேல்தான். ஜெர்மனில் முதலாவது 'அவுஃப் டேம் டிஷ்', இரண்டாவது 'அவுஃப் டேன் டிஷ்'. பள்ளிக்குப் போகிறேன் என்பதில் 'கு' இருக்கிறதே என்று டாட்டிவைப் போட்டு 'இன் டேர் ஷூலெ' என்றால், பள்ளிக்குள்ளேயே நடக்கிறேன் என்றாகிவிடும். 'இன் டி ஷூலெ' என்பதே சரி (பெண்பாலில் டேன்-வேற்றுமைச் சுட்டு 'டி'). ஆனால் 'ட்ஸூ' போட்டால் எப்போதும் டேம்-வேற்றுமை, 'ட்ஸூர் ஷூலெ' (ட்ஸூ டேர்), அங்கே கேள்வியே இல்லை.

ஆகவே இந்த ஒன்பதுக்கும் "ஈரிடச்சொல்" என்ற பெயரை முன்வைக்கிறேன்: இருப்பிடம், சேரிடம் என ஈரிடம் குறிப்பது. மூவிடம் என்றால் நம் இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை ஆயிற்றே, குழப்பாதா என்று கேட்பீர்கள். நானும் அதை யோசித்தேன். ஏழாம் வேற்றுமைக்கு இடப்பொருள் என்று அதே இலக்கணம் சொல்வதால் 'இடம்' இங்கே அந்நியமாகத் தோன்றாது. "இடஞ்சேர் சொல்" என்றும் எழுதிப் பார்த்தேன். சேரிடத்தை மட்டும் காட்டுகிறது.

'வார்ட்டன் அவுஃப்' (காத்திருத்தல்) டேன் கொள்வதையும் 'அங்ஸ்ட் ஃபோர்' (அச்சம்) டேம் கொள்வதையும் இந்தப் பெயர் விளக்காது. அங்கே இடமே இல்லை. வினையோடும் பெயரோடும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியவை. அவற்றுக்குத் தனிப் பட்டியல் போடுவோம். சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிள்ளைகளுக்குத் தமிழும் ஜெர்மனும் சேர்த்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் குழுவில் இருந்தால், வகுப்பில் இவற்றை என்ன பெயரிட்டு அழைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். ஏற்கெனவே வாயில் புழங்கும் சொல் ஒன்று இருந்தால் ஈரிடச்சொல்லைக் கைவிட எனக்குத் தயக்கமில்லை. எண்களை மட்டும் கையேட்டுக்குள் விட வேண்டாம்.

அன்புடன்.