தங்கை மகள் கல்யாணம் மலேசியாவில்: தாய்மாமன் சீரை எப்படிக் கொண்டு போவது?

மணப்பாறைக்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வயது 61. அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். 33 வருஷம் திருச்சி - திண்டுக்கல் ரூட்டிலேயே ஓடிவிட்டது. விமானத்தில் இதுவரை கால் வைத்ததில்லை.

தங்கையை மலேசியாவில் கிள்ளான் என்ற ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மூத்த பெண்ணுக்கு அடுத்த மாதக் கடைசியில் கல்யாணம். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான், ஆக தாய்மாமனும் நான் ஒருத்தன்தான். நானும் வீட்டுக்காரியும் மட்டும் போகிறோம். திருச்சியிலிருந்து நேராகக் கோலாலம்பூருக்கு மகன் டிக்கெட் போட்டுவிட்டான்.

பிரச்சினை சீர்தான். வீட்டுக்காரி சொல்லும் பட்டியல்: பட்டுப்புடவை, ரெண்டு பவுன் சங்கிலி, பித்தளைக் குத்துவிளக்கு ஜோடி, தேங்காய், வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, மல்லிகைப் பூ, வீட்டில் காய்ச்சிய நெய், பத்து கிலோ முறுக்கு. எங்கள் ஊர்ப் பேரே முறுக்கில்தான் இருக்கிறது, அதை மட்டும் குறைக்க முடியாதாம். "21 தட்டு இல்லாம எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மண்டபத்துக்குள்ள போறது" என்கிறாள். மகனோ, "ஏர்போர்ட்டில் எல்லாத்தையும் பிடுங்கிக்குவான், பேசாமல் பணமாகக் கொடுத்துடுங்க" என்கிறான். ஊரார் மூட்டைக்கெல்லாம் லக்கேஜ் டிக்கெட் கிழித்தவன், என் மூட்டைக்கு என்ன விதி என்று தெரியாமல் முழிக்கிறேன்.

இன்னொரு பயமும் உண்டு. வீட்டுக்காரி எட்டாவது வரைதான் படித்தவள். எட்டு வருஷத்துக்கு முன்னால், அவளுக்கு 47 வயதில் எடுத்த பாஸ்போர்ட். அதில் ஈ.சி.ஆர். முத்திரை இருக்கிறது, அதாவது சில நாடுகளுக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும் என்ற குறி. மலேசியா அந்த நாடுகளின் பட்டியலில் இருக்கிறது, திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். அன்று ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டிக்கெட்தம்பி எழுதியது:

ஐயா, திருச்சியில் பன்னிரண்டு வருஷமாக டிக்கெட் போடுகிறேன். முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். ஈ.சி.ஆர். நாடுகளில் மலேசியாவும் ஒன்று, அது உண்மை. ஆனால் அந்த அனுமதி வேலைக்குப் போகிறவர்களுக்குத்தான். உறவுக்காரர் வீட்டுக்குப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. அம்மாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அந்த வகையிலும் விலக்கு உண்டு. ரிட்டர்ன் டிக்கெட்டும் கல்யாணப் பத்திரிகையும் கையிலேயே இருக்கட்டும், பெட்டிக்குள் போட்டுவிடாதீர்கள்.

விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் இருக்கலாம், அதை 2026 டிசம்பர் 31 வரை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை ஒன்றை ஆன்லைனில் நிரப்ப வேண்டும், போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள். அது இலவசம். காசு கேட்கிற வெப்சைட் என்றால் போலி, உடனே மூடிவிடுங்கள்.

நகை விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பெண்ணுக்குக் கொடுத்துவிட்டு வரும் சங்கிலியைப் பற்றித் திரும்பும்போது கேள்வி வராது, பில்லை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா கழுத்திலும் கையிலும் போட்டுப் போய்த் திரும்பக் கொண்டு வருகிற நகைக்குத்தான் காகிதம் வேண்டும். கிளம்பும்போதே சுங்கத்துறையிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்குங்கள். இல்லாவிட்டால் வரும்போது "இது அங்கே வாங்கியதா" என்று நிறுத்தினால் பதில் சொல்லி மாளாது. பில், நகையின் போட்டோ இரண்டையும் எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே போய்விடுங்கள்.

குத்துவிளக்கைத் தண்டு தண்டாகக் கழற்றித் துணி சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் எந்தப் பெட்டியிலும் கூடாது. எண்ணெய்ப் பசை, தானே சூடேறித் தீப்பிடிக்கும் என்று தடை. மலிவு டிக்கெட் என்றால் பெரும்பாலும் 7 கிலோ கைப்பை மட்டும்தான். பெட்டிக்கு மகனை இப்போதே ஆன்லைனில் கட்டச் சொல்லுங்கள், கவுண்டரில் கட்டினால் அதிகம்.

கிள்ளான்அக்கா எழுதியது:

அண்ணே, நான் கிள்ளானேதான்! வெற்றிலை, மஞ்சள் கிழங்கு, பூ, தேங்காய் எதையும் தூக்கி வராதீங்க. செடி கொடி வகைக்கு இங்கே இறக்குமதி அனுமதி கேட்பாங்க, பால் பொருளுக்கும் அப்படித்தான். நெய்யையும் வீட்டிலேயே வச்சிட்டு வாங்க. தெங்கு கிளானா சாலையில் எங்க லிட்டில் இந்தியா இருக்கு. பூமாலை, வெற்றிலை, குங்குமம், தாம்பாளம் எல்லாம் அங்கேயே கிடைக்கும். வந்த மறுநாள் உங்க தங்கச்சியோட காடியில் (கார்) ஒரு சுற்றுப் போனா 21 தட்டும் நிரம்பிடும். பணத்தைக் கொஞ்சம் வெள்ளியாகவே (ரிங்கிட்) மாத்திக் கொண்டு வாங்க.

ஒண்ணு முன்கூட்டியே சொல்லிடறேன். இங்கே பதிவுத் திருமணம் தனி, தாலி கட்டு தனி. 1982 மார்ச்சில் சட்டம் வந்ததிலிருந்து முஸ்லிம் அல்லாதவங்க கட்டாயம் பதிவு செய்யணும். நிறையக் குடும்பத்தில் கோவில் கல்யாணத்துக்குப் பல மாதம் முன்னாடியே அது முடிஞ்சிருக்கும். "என்னைக் கூப்பிடாமலேயே கல்யாணத்தை முடிச்சிட்டீங்களா" என்று கோவிச்சுக்காதீங்க. எங்க பெரியப்பா அப்படிக் கோவிச்சு ரெண்டு நாள் யாரோடும் பேசலை. மொய்யை அங்பாவ் என்கிற பண உறையில் போட்டுக் கொடுப்போம்.

என் கல்யாணத்துக்கு என் மாமா நாமக்கல்லில் இருந்து வந்தார். எத்தனை தட்டு என்று கேட்டா எனக்கு ஞாபகம் இல்லை. எங்கம்மா சின்ன வயசில் அரிசி புடைச்ச முறத்தைத் துணியில் சுத்திக் கொண்டு வந்திருந்தார். அதைப் பார்த்துட்டு அம்மா அழுத அழுகை மட்டும் ஞாபகம் இருக்கு.

திண்டுக்கல்பூட்டு எழுதியது:

நடத்துநர் அண்ணே, கல்லூரிக் காலத்தில் உங்க பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனவனாக நான் இருக்கலாம். விமானத்தில் படியெல்லாம் கிடையாது, தைரியமாகப் போங்க. பயணம் நாலு மணி நேரம்தான். இறங்கியதும் கடிகாரத்தை ரெண்டரை மணி நேரம் முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முகூர்த்தத்தைத் தவறவிடுவீர்கள். கல்யாணம் முடிந்ததும் பத்துமலை போங்க. 272 படி, அம்மாவுக்கு மூட்டு வலி இருந்தால் கீழே நின்று முருகனைப் பார்த்தாலே போதும். சிலை 140 அடி, கழுத்து வலிக்கும்.

மணப்பாறைக்காரன் எழுதியது:

கல்யாணம் முடிந்து ஊர் வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

திருச்சியில் பெட்டி உள்ளே போன பத்தாவது நிமிஷம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். முறுக்குப் பாக்கெட்டுக்கு அடியில் நியூஸ் பேப்பரில் சுற்றி ஒரு கொப்பரை! நான் தம்பி எழுதியதை ரெண்டு தடவை வாசித்துக் காட்டியிருந்தேன். வீட்டுக்காரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, "உங்க தங்கச்சிக்குக் கொப்பரையும் வெல்லமும்னா உசிரு" என்றாள். எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டார்கள். வெல்லம் மட்டும் போய்ச் சேர்ந்தது.

ஈ.சி.ஆர். பற்றி ஒரு கேள்வி கேட்டார்கள், பத்திரிகையைக் காட்டினேன், முடிந்தது. கோலாலம்பூரில் அதிகாரி அம்மா எத்தனை நாள், எங்கே தங்கல் என்று மட்டும் கேட்டார்.

அக்கா சொன்ன முறம் மனதில் உட்கார்ந்துவிட்டது. எங்கள் அம்மாவின் சுருக்குப்பை ஒன்று பரணில் கிடந்தது, பாக்குக் கறையோடு. அதற்குள் வெற்றிலை வைத்து முதல் தட்டில் வைத்தேன். தங்கை எல்லோர் முன்னாலும் அதை மோந்து பார்த்தாள். அப்புறம் அந்தத் தட்டை வேறு யாரையும் தூக்க விடவில்லை. குத்துவிளக்கு ஒன்றின் அன்னத்துக்கு மூக்கு வளைந்துவிட்டது, அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. வீட்டுக்காரி மட்டும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது சுங்கத்தில் அவள் வளையலைக் காட்டிக் கேட்டார்கள். காகிதத்தைக் கொடுத்தேன், ரெண்டு நிமிஷத்தில் விட்டுவிட்டார்கள். தம்பிக்குத் தனியாக நன்றி.

வம்பு வந்தது கோலாலம்பூர் கவுண்டரில்தான். தங்கை மைலோ டப்பாவும் கோடாலித் தைலமும் ஊருக்கே கொடுக்கிற மாதிரி திணித்துவிட்டாள். 20 கிலோ பெட்டி 24 காட்டியது. கெஞ்சிப் பார்த்தேன், அந்தப் பெண் சிரித்தபடியே ரசீது கிழித்தாள். 33 வருஷம் லக்கேஜ் காசு வாங்கியவன், முதல் தடவையாகக் கொடுத்தேன்.