இரண்டு கோரில் ஓடுவதற்கும் இன்டர்லீவிங்தானா?

ஓஎம்ஆர்_இரவு_ஷிப்ட்:
வேலை பார்த்துக்கொண்டே எம்.இ. படிக்கிறேன். வகுப்பில் மில்னரின் சிசிஎஸ் (இணையாக ஓடும் செயல்களை எழுதிப் பார்க்கும் ஒரு கணித முறை) ஓடுகிறது. அ, இ இரண்டும் இணையாக நடந்தால், "அ முடிந்து இ, இல்லை இ முடிந்து அ" என்று எழுதிவிடலாமாம், இதைத்தான் இன்டர்லீவிங் என்கிறார்கள். ஒரே கோர் என்றால் சரி. என் லேப்டாப்பில் 8 கோர். நிஜமாகவே ஒரே நேரத்தில் நடப்பது இதில் எங்கே போனது?

பழைய_செமாஃபோர்:
தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள் தம்பி. பார்ப்பவர் ஒவ்வொன்றாகத்தான் குறித்துக்கொள்வார் என்று வைத்துக்கொண்டால் கணக்கு சுலபமாகிறது.

தரமணியில் இரண்டு டீக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரே மாஸ்டர், டீயை முடிக்காமல் பஜ்ஜியில் கை வைக்க மாட்டார். இன்னொன்றில் டீக்கு ஒருவர், பஜ்ஜிக்கு ஒருவர். இன்டர்லீவிங் கணக்கில் இரண்டு கடையும் ஒன்றுதான். இப்போது "டீ" என்ற செயலைப் பால் காய்ச்சுவது, ஆற்றுவது என இரண்டாக உடையுங்கள். இரண்டு பேர் கடையில் காய்ச்சியதற்கும் ஆற்றுவதற்கும் நடுவே பஜ்ஜி வெந்து வரலாம். முதல் கடையில் அந்த வரிசை வரவே வராது. சமம் என்று எழுதியவை, உடைத்ததும் சமமாக இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

பெட்ரி நெட்டில் (வட்டங்களில் டோக்கன் வைத்து, அதை எடுத்தால்தான் வேலை நடக்கும் என்று காட்டும் வரைபடம்; கார்ல் ஆடம் பெட்ரி, 1962 ஆய்வேடு) உடைக்காமலேயே வித்தியாசம் தெரியும். முதல் கடைக்கு "மாஸ்டர் சும்மா இருக்கிறார்" என்று ஒரு வட்டம், அதில் ஒரே டோக்கன், இரண்டு வேலையும் அதற்கு அடித்துக்கொள்ளும். இரண்டாவதில் அந்த வட்டமே கிடையாது.

டெஸ்டிங்_ஆள்:
டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து எல்லாமே நின்றுவிடுவது) பார்க்க இன்டர்லீவிங்கே போதுமே சார், எதற்கு இந்தத் தலைவலி?

பழைய_செமாஃபோர்:
டெட்லாக் இருக்கிறதா இல்லையா என்பதற்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா வரிசையையும் சோதிக்கும் கருவி திணறும். ஒன்றையொன்று தொடாத 10 செயல்களுக்கு 36,28,800 வரிசைகள், 1,024 நிலைகள். உள்ளே நடப்பது ஒரே ஓட்டம். சம்பந்தமில்லாத இரண்டு செயல்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் இடம் மாற்றிக்கொள்ளலாம், அப்படிக் கிடைக்கும் வரிசைகள் எல்லாம் ஒரே ட்ரேஸ் என்று மசுர்கீவிச் 1977லேயே சொல்லிவிட்டார். ஸ்பின் என்ற சோதனைக் கருவி, ஒரே ட்ரேஸில் வரும் வரிசைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்காமல் இருக்கச் செய்யும் பார்ஷியல் ஆர்டர் ரிடக்‌ஷனுக்கு அடியில் இருப்பது இந்த யோசனைதான். தலைவலியைக் குறைக்கத்தான் சார் இது!

ஓஎம்ஆர்_இரவு_ஷிப்ட்:
அப்படியானால் லாம்போர்ட்டின் "முன்னால் நடந்தது" உறவு?

பழைய_செமாஃபோர்:
அதே குடும்பம்தான், 1978. இரண்டு நிகழ்வுகளில் எதுவும் மற்றதற்கு முன்னால் இல்லையென்றால் (அதாவது எதுவும் மற்றதைப் பாதித்திருக்க வழியில்லை என்றால்) அவை கன்கரன்ட், கடிகாரம் என்ன காட்டினாலும் சரி. உங்கள் சி++ நிரலைத் த்ரெட் சானிடைசர் என்ற சோதனைக் கருவி போட்டு ஓட்டுங்கள். அது ரேஸ் (இரண்டு த்ரெட்கள் ஒரே தரவை ஒழுங்கின்றித் தொடுவது) என்று கத்துவது இந்த உறவை வைத்துத்தான்.

அப்புறம், நீங்கள் இருப்பது ஓஎம்ஆர். சிறுசேரி சிஎம்ஐ, தரமணி மேட்சயின்ஸ் என்ற இரண்டு கணித ஆராய்ச்சி நிறுவனங்களிலும் இந்தத் துறையில் வெகுகாலமாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது. வெளியாட்களை அனுமதிக்கும் பேச்சு ஏதாவது இருந்தால் போய் உட்காருங்கள்.