மருத்துவமனை போய்ச் சேருமுன் ஆம்புலன்சிலேயே இரத்தம் ஏற்ற முடியாதா?

கேள்வி

சென்ற ஆண்டு என் அண்ணன் ஓட்டி வந்த இருசக்கர வாகனத்தின் மீது லாரி மோதி, அவருடைய இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. ஆம்புலன்சில் நானும் உடன் ஏறினேன். மருத்துவமனை போய்ச் சேர ஐம்பது நிமிடம் ஆனது. முதலில் தண்ணீர் கேட்டவர், சற்று நேரத்தில் குளிர்கிறது என்றார். நெற்றி வியர்த்துச் சில்லிட்டிருந்தது. கேட்டதற்குப் பதில் வருவது மெல்ல நின்றுபோனது. உடனிருந்த பணியாளர் தம்மால் இயன்ற அனைத்தையும் செய்தார் என்றே நம்புகிறேன், ஆனால் அவரிடம் ஏற்றுவதற்கு இருந்தவை இரண்டு சலைன் பைகள் மட்டுமே. அறுவை அரங்குக்குப் போன பிறகுதான் முதல் இரத்தப் பை ஏறியது. அன்றிரவே அண்ணன் இறந்துவிட்டார்.

யார் மீதும் பழி சொல்ல நான் இதைக் கேட்கவில்லை. இரத்தத்தை இழந்துகொண்டிருப்பவருக்கு வழியிலேயே இரத்தம் தர முடியாதா? சில நாடுகளில் ஹெலிகாப்டர் மருத்துவக் குழுக்கள் இரத்தத்தை உடன் எடுத்துச் செல்வதாகப் படித்தேன். அதனால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறார்களா?

மறுமொழி: அவசர சிகிச்சை மருத்துவர்

சகோதரி, வழியில் இரத்தம் ஏற்றியிருந்தால் உங்கள் அண்ணன் பிழைத்திருப்பார் என்றோ, பிழைத்திருக்க மாட்டார் என்றோ யாராலும் சொல்ல இயலாது. ஆனால் உங்கள் கேள்வி மிகச் சரியான கேள்வி. மருத்துவ உலகம் பல ஆண்டுகளாக இதே கேள்விக்குத்தான் விடை தேடி வருகிறது.

சலைன் இரத்தக் குழாய்களை நிரப்புமே தவிர, பிராணவாயுவைச் சுமக்காது. இரத்தத்தை உறைய வைக்கும் புரதம் எதுவும் அதில் கிடையாது. உடலில் எஞ்சியிருக்கும் உறைபொருள்களை அது நீர்த்துப்போகச் செய்வதோடு உடலைக் குளிரவும் வைக்கிறது. குளிர்ந்த உடலில் இரத்தம் எளிதில் உறையாது, உறையாத இரத்தம் மேலும் வெளியேறும், வெளியேற வெளியேற உடலில் அமிலம் கூடும் என்று ஒன்று மற்றொன்றைத் தூண்டிக்கொண்டே போகும். இவை எல்லாம் மருத்துவமனையில் தொடங்குபவை என்று முன்பு கருதியிருந்தோம். கடுமையாகக் காயமடைந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மருத்துவமனை வாசலுக்கு வரும்போதே இரத்த உறைவுத் திறன் கெட்டிருக்கிறது என்று 2003-இல் லண்டனிலிருந்து வெளிவந்த ஆய்வு காட்டியது. அதற்கும் முன்பே, 1994-இல் ஹூஸ்டன் நகர ஆய்வொன்றில், உடற்பகுதியில் குத்தோ குண்டோ பாய்ந்து இரத்த அழுத்தம் தாழ்ந்திருந்த 598 பேரில், உடனடியாகச் சலைன் போன்ற திரவம் பெற்றவர்களில் 62 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அறுவை அரங்கு வரை அத்திரவம் தராமல் நிறுத்தி வைக்கப்பட்டவர்களில் 70 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். அதனால்தான் தலைக்காயம் இல்லாதவருக்கு மேல் இரத்த அழுத்தம் 80 முதல் 90 வரை இருந்தாலே போதும் என்று, திரவத்தை இன்று அளந்து தருகிறோம்.

இனி இரத்தத்துக்கு வருவோம். 2018-இல் அமெரிக்காவில் வான்வழியே கொண்டுவரப்பட்ட 501 பேரிடம் நடந்த சோதனையில், வழியிலேயே இரண்டு யூனிட் பிளாஸ்மா (உறைவுப் புரதங்கள் அடங்கிய, இரத்தத்தின் நீர்ப்பகுதி) பெற்றவர்களில் 30 நாளுக்குள் இறந்தோர் 23 விழுக்காடு, பெறாதவர்களில் 33 விழுக்காடு. அதே ஆண்டில் டென்வர் நகரில், தரைவழி ஆம்புலன்சுகளில் நடந்த சோதனையில் பிளாஸ்மாவால் பயன் தெரியவில்லை. அங்கே மருத்துவமனை மிக அருகில் இருந்தது. இரு சோதனைகளின் விவரங்களையும் பின்னர் சேர்த்துப் பார்த்தபோது, பயண நேரம் 20 நிமிடத்தைத் தாண்டியவர்களிடம்தான் பயன் தென்பட்டது. 2022-இல் பிரிட்டனிலிருந்து வந்த சோதனையில் 432 பேரில் ஒரு பாதியினர் சிவப்பணுக்களும் உலர் பிளாஸ்மாவும் பெற்றார்கள், மறுபாதியினர் சலைன் பெற்றார்கள். முடிவில் இரு தரப்புக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இவற்றை வைத்து என் கருத்தைச் சொல்கிறேன். பத்து நிமிடத் தொலைவில் அறுவை அரங்கு இருக்குமானால், நின்று இரத்தம் ஏற்றுவதைவிட ஓடிப் போய்ச் சேர்வதே மேல். ஐம்பது நிமிடப் பயணம், கையால் அழுத்தி நிறுத்த முடியாத உட்கசிவு, இரண்டும் சேர்ந்த இடத்தில் இரத்தம் வண்டியிலேயே இருக்க வேண்டும் என்றே நான் வாதாடுவேன்.

இன்னொன்று. உறைந்த இரத்தம் கரைந்துவிடாமல் காக்கும் ட்ரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து விலை குறைந்தது, குளிர்பெட்டி கேட்காதது. 40 நாடுகளில் 20,211 பேரிடம் நடந்து 2010-இல் வெளிவந்த சோதனை, அது இறப்பைக் குறைப்பதை உறுதி செய்தது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள் தந்தாக வேண்டும். அதற்குப் பின் தந்தால் தீங்கு நேரலாம். இரத்தம் எடுத்துச் செல்ல வழியில்லாத வண்டியிலும் இது இருக்கலாம், இருக்கவும் வேண்டும்.

மறுமொழி: இரத்த வங்கித் தொழில்நுட்பர்

மருத்துவர் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எங்கள் பக்கத்துச் சிக்கலையும் சொன்னால்தான் படம் முழுமையாகும். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியில் அதைக் காப்பாற்ற நல்ல குளிர்பெட்டியும், நிமிடம் தவறாமல் வெப்பநிலையைப் பதியும் கருவியும் தேவை. பதிவில் ஓர் இடைவெளி தெரிந்தாலும் அந்தப் பையை நான் திரும்பச் சேர்க்க மாட்டேன். ஒருவர் மனமுவந்து கொடுத்த இரத்தம் அப்படி வீணாவதைப் பார்ப்பது வேதனை. அதனால் பயன்படாத பைகளை, அவற்றின் காலம் முடியுமுன்பே பெரிய மருத்துவமனைக்கு மாற்றிவிடும் சுழற்சி முறை இல்லாமல் இந்தத் திட்டத்தைத் தொடங்கவே கூடாது.

வழியில் இரத்தப் பிரிவு பார்த்துப் பொருத்த நேரமில்லாததால், ஓ பிரிவுச் சிவப்பணுக்களே செல்லும். பெண் குழந்தைகளுக்கும் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் ஓ நெகட்டிவ் தருவதற்கே முயல்வோம். பாசிட்டிவ் ஏறினால், நெகட்டிவ் பிரிவுப் பெண்ணின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் பிற்காலத்தில் கருவைத் தாக்கக்கூடும். ஆண்களுக்கு ஓ பாசிட்டிவே போதும். உறைநிலைப் பிளாஸ்மாவை உருக்க நேரம் பிடிக்கும் என்பதால், அறை வெப்பத்தில் இருந்து சில நிமிடங்களில் கரையும் உலர் பிளாஸ்மாத் தூளே வண்டிக்கு ஏற்றது.

களத்தில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் பையைத் தொடங்குமுன் ஒரு சிறு குழாயில் நோயாளியின் இரத்தத்தை எடுத்துப் பெயர் எழுதி வையுங்கள். ஓ பிரிவு இரத்தம் பல யூனிட் கலந்த பிறகு வரும் மாதிரியில் அவருடைய சொந்தப் பிரிவைக் கண்டறிய நாங்கள் திணறிப் போகிறோம்.

மறுமொழி: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்

இரத்தம் எடுத்துச் செல்லும் குழுவில் பணிபுரிகிறேன். பையை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். நான்கு டிகிரியில் இருக்கும் இரத்தத்தை அப்படியே ஏற்றினால் ஏற்கெனவே குளிர்ந்திருப்பவர் இன்னும் குளிர்ந்துபோவார். அதனால் குழாயின் நடுவே சிறிய சூடேற்றியைப் பொருத்துகிறோம். பையில் இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கப்படும் சிட்ரேட், நோயாளியின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் குறைந்தால் இரத்தமும் உறையாது, இதயமும் தளரும். ஆகவே இரத்தத்தோடு கால்சிய ஊசியும் எங்கள் பெட்டியில் இருக்கும்.

இவை எல்லாவற்றையும் ஓடும் வண்டியிலேயே செய்கிறோம். கை, கால் காயமானால் முதலில் டூர்னிக்கெட், அதாவது இரத்தம் நிற்கக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டும் பட்டை. ஓட்டையை அடைக்காமல் மேலே ஊற்றிப் பயனில்லை. நாடித்துடிப்பு மேல் இரத்த அழுத்த எண்ணைத் தாண்டிவிட்டதென்றால், பேச்சு தெளிவாக இருந்தாலும் நான் இரத்தப் பெட்டியைத் திறக்க ஆயத்தமாகிவிடுவேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் மனத்தை அறுக்கிறது. வழி முழுவதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பதிலாக இடுப்பை நான் அழுத்திப் பிடித்திருந்தால் இரத்தம் நின்றிருக்குமா?

மறுமொழி: ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்

இல்லை, சகோதரி. இடுப்பெலும்பு உடைந்தால் இரத்தம் உள்ளே, முதுகுப் பக்கமாகத் தேங்கும்; வெளியிலிருந்து கை அதை எட்டாது. கையால் அழுத்தியிருந்தால் உடைந்த எலும்புகள் அசைந்து கசிவு கூடியிருக்கவும் கூடும். அதற்கென்று அகன்ற பட்டை ஒன்று இருக்கிறது. வேட்டி கட்டும் இடத்தில் கட்டாமல், அதற்கும் கீழே, தொடையெலும்பின் மேல் முனை பக்கவாட்டில் புடைத்திருக்கும் இடத்தில் சுற்றி இறுக்கி, ஆளைப் புரட்டாமல் அப்படியே கொண்டு செல்ல வேண்டும். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டிய வேலை. நீங்கள் பிடித்திருந்த கையை விட்டிருக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.