இறந்தவர் பெயரில் வழக்குகள் நிலுவையில் இருந்தால் எக்ஸிகியூட்டர் என்ன செய்ய வேண்டும்?

அடையாறு_வாசகர் கேட்டது:

சென்னையில் ஒரு பெரியவர் காலமாகி 50 நாள் ஆகிறது. பதிவு செய்த உயில் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். எக்ஸிகியூட்டர்களாக (உயிலை நிறைவேற்றும் பொறுப்பாளர்களாக) இருவரை நியமித்திருக்கிறார்: சென்னையில் இருக்கும் தங்கை மகன், சிங்கப்பூரில் இருக்கும் நண்பர். சிட்டி சிவில் கோர்ட்டில் இரண்டு வழக்குகள் நடக்கின்றன. ஒன்றில் பெரியவர் வாதி. தன் மனையை ஆக்கிரமித்தவரிடமிருந்து சுவாதீனம் கேட்டிருந்தார். மற்றதில் பிரதிவாதி, அவர் போட்ட கிரைய ஒப்பந்தப்படி பத்திரம் எழுதித் தரச் சொல்லி, வாங்க இருந்தவர் போட்ட வழக்கு. இது போக, புரோநோட்டில் (கடன் உறுதிச் சீட்டில்) 6 லட்சம் ஒருவரிடமிருந்து வர வேண்டும். அதற்கு இன்னும் வழக்குப் போடவில்லை. மகன் உயிலை ஏற்க மறுக்கிறார். புரொபேட் (உயில் உண்மையானது என்று கோர்ட் தரும் சான்று) வரும்வரை பொறுக்கலாமா? தோற்றால் எக்ஸிகியூட்டரின் சொந்தப் பணத்துக்கு ஆபத்து உண்டா?

சிவில்_பக்கம்:

பொறுக்கவே கூடாது. இறந்த நாளிலிருந்து 90 நாளுக்குள் சட்டப் பிரதிநிதியைச் சேர்க்கும் மனு கோர்ட்டில் இருக்க வேண்டும். இது லிமிடேஷன் (காலவரையறை) சட்ட அட்டவணையின் ஆர்ட்டிகிள் 120. தவறினால் யாரும் உத்தரவு போடாமலே வழக்கு தானாக அபேட் ஆகிவிடும், அதாவது அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள் உண்டு. அதுவும் கடந்தால் மூன்று மனு போட வேண்டும்: தாமதத்தை மன்னிக்க ஒன்று, அபேட்மென்ட்டை நீக்க ஒன்று, பிரதிநிதியைச் சேர்க்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் எதிர்த்தரப்பு கவுன்டர் (பதில் மனு) போட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். உங்களுக்கு 40 நாள் கையில் இருக்கிறது.

பெரியவர் வாதியாக இருந்த வழக்கில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் ஆர்டர் 22 ரூல் 3-ன் கீழ் மனு. இறப்புச் சான்றிதழ், உயில் நகல், பிரமாணப் பத்திரம், புது வக்காலத்து நான்கும் வேண்டும். கட்சிக்காரர் இறந்ததும் பழைய வக்காலத்து முடிந்துபோகிறது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். மகனையும் மற்ற வாரிசுகளையும் மனுவில் எதிர்மனுதாரர்களாகக் காட்டிவிடுங்கள். யார் பிரதிநிதி என்ற தகராறு எழுந்தால் ரூல் 5-ன் கீழ் நீதிபதி முடிவு செய்வார். அந்த முடிவு இந்த வழக்கை நடத்துவதற்கு மட்டும்தான். உயில் உண்மையா என்பதற்கு அது இறுதித் தீர்ப்பு ஆகாது.

பிரதிவாதியாக இருந்த வழக்கில் சேர்க்க வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பு வாதியுடையது. அதற்காகச் சும்மா இருந்துவிடாதீர்கள். இறந்த செய்தியைக் கோர்ட்டுக்குச் சொல்வது பெரியவரின் வக்கீலுடைய கடமை என்று ரூல் 10ஏ சொல்கிறது. அப்போதே உயிலையும் எக்ஸிகியூட்டர் பெயர்களையும் எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். வாதி நல்லெண்ணத்தோடு விசாரித்து மகனை மட்டும் சேர்த்து டிக்ரி (தீர்ப்பாணை) வாங்கிவிட்டால், மோசடியோ கூட்டுச்சதியோ இல்லாதவரை அது எஸ்டேட்டையும் (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தையும்) கட்டுப்படுத்தும். உயிலை ஏற்காத மகன் எஸ்டேட்டுக்காக முழு மனதோடு வழக்காடுவார் என்று நம்பி இருக்க முடியாது.

இன்னொன்று. பிரதிநிதியாக உள்ளே வருபவர் பெரியவர் போட்ட எதிர்வாதுரையைத்தான் பிடித்துக்கொள்ள முடியும். ‘சொத்து பூர்வீகம், எனக்குப் பங்கு உண்டு’ என்று மகன் தனி உரிமை பேச இந்த வழக்கில் இடமில்லை.

பதிவேடு:

மேலே சொன்னதோடு புரொபேட் பற்றிச் சேர்க்கிறேன். இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925, பிரிவு 211 படி எக்ஸிகியூட்டர்தான் சட்டப் பிரதிநிதி. சொத்து அவரிடம் இறந்த நாளிலேயே வந்து சேர்கிறது. பிரிவு 213தான் சென்னையில் முட்டுக்கட்டையாக இருந்தது. உயர் நீதிமன்ற அசல் எல்லைக்குள் (அது நேரடியாக வழக்கு ஏற்கும் பகுதிக்குள்) எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் அசையாச் சொத்து பற்றிய உயில் என்றால், இந்துக்களும் புரொபேட் இல்லாமல் உயில்வழி உரிமையை நிலைநாட்ட முடியாமல் இருந்தது. வழக்கில் நுழைய முடிந்தது, ஆனால் டிக்ரிக்கு முன் புரொபேட் காட்ட வேண்டியிருந்தது. 2025 டிசம்பரில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். பழைய புத்தகங்களையும் யூடியூப் விளக்கங்களையும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

புரொபேட் கட்டாயம் இல்லை என்பதால் உயிலை நிரூபிக்கும் சுமை குறைந்துவிடவில்லை. மகன் மறுத்தால் சாட்சிகளில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றித்தான் ஆக வேண்டும். பதிவு செய்த உயில் என்பதால் இதில் விலக்கு கிடையாது. சாட்சிகளுக்கு வயதாகியிருந்தால் புரொபேட் மனுவை இப்போதே போட்டு அவர்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்துவிடுவது நல்லது. மகன் கேவியட் (ஆட்சேப மனு) போட்டு எதிர்த்தால் அது டி.ஓ.எஸ். வழக்காக, அதாவது உயில் பற்றிய அசல் வழக்காக மாறும். அங்கே பார்ப்பது உயில் உண்மையா என்பதை மட்டும். மனை பெரியவருடையதுதானா என்பதை சிட்டி சிவில் கோர்ட்தான் தீர்மானிக்கும். தகராறு நீளும்போது வாடகை வசூல், வரி போன்றவை அந்தரத்தில் நின்றால், பிரிவு 247-ன் கீழ் இடைக்கால நிர்வாகி கேட்கலாம்.

புரோநோட் விஷயம் தனி. பிரிவு 214 இன்னும் இருக்கிறது. இறந்தவருக்கு வரவேண்டிய கடனுக்குப் புதிதாக வழக்குப் போட்டால், புரொபேட்டோ கோர்ட் தரும் வாரிசுரிமைச் சான்றிதழோ காட்டாமல் டிக்ரி தரமாட்டார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்று இதற்கு உதவாது. ஓடத் தொடங்கிய மூன்று வருடக் கெடு கடன் கொடுத்தவர் இறந்ததால் நிற்காது. நோட்டின் தேதியை இன்றே பாருங்கள்.

அடையாறு_வாசகர்:

மிக்க நன்றி. சிங்கப்பூர் நண்பர் ‘எனக்கு இது வேண்டாம்’ என்கிறார். அவர் கையெழுத்து இல்லாமல் நடத்தலாமா? கைக்காசு பற்றியும் யாராவது சொன்னால் உதவும்.

சிவில்_பக்கம்:

நடத்தலாம். உயிலை நிரூபிக்க முன்வராத எக்ஸிகியூட்டரைக் கட்சி சேர்க்கத் தேவையில்லை என்று ஆர்டர் 31 ரூல் 2 சொல்கிறது. வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 230-ன்படி அவர் விலகலை எழுதிக் கையெழுத்திட்டுத் தரலாம். கொடுத்தபின் மனம் மாறித் திரும்பி வர முடியாது என்பதை அவருக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அதுவரை அவர் எஸ்டேட் பணத்தைத் தொடவும் வேண்டாம், குத்தகைதாரரோடு பேசவும் வேண்டாம். பொறுப்பை ஏற்று நடந்துவிட்டால் விலகல் எடுபடாது. ஈமச்சடங்குச் செலவு, சொத்தைப் பாதுகாப்பது போன்றவை அந்தக் கணக்கில் வராது.

கணக்குப்புள்ளி:

கைக்காசுக்கு வருகிறேன். டிக்ரி எஸ்டேட்டுக்கு எதிராகத்தான். சிவில் நடைமுறைச் சட்டம் பிரிவு 50 படி, கைக்கு வந்து இன்னும் முறையாகச் செலவாகாத சொத்தின் அளவுக்கு மட்டுமே பொறுப்பு. ஆபத்து பிரிவு 52-ல் இருக்கிறது: கைக்கு வந்த சொத்தை எப்படிச் செலவழித்தோம் என்று கோர்ட்டுக்குத் திருப்தியாகக் காட்டத் தவறினால், அந்த அளவுக்குச் சொந்தச் சொத்தின்மேலேயே நிறைவேற்றலாம். அதனால் எஸ்டேட்டுக்குத் தனி வங்கிக் கணக்கு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது. வக்கீல் பீஸையும் அந்தக் கணக்கிலிருந்தே காசோலையாகக் கொடுங்கள்.

கொடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் ஈமச்சடங்கு, கடைசிக்கால மருத்துவச் செலவு. அடுத்து புரொபேட் செலவும் எஸ்டேட் நிர்வாகத்துக்குத் தேவையான வழக்குச் செலவும். பிறகு இறப்புக்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் வேலை செய்தவர்களின் சம்பளம். அதற்குப் பின் மற்ற கடன்கள், எல்லாருக்கும் சம விகிதத்தில். உயிலில் பங்கு பெறுபவர்கள் கடைசி. கிரைய ஒப்பந்த வழக்கு முடியும் முன் ‘பங்கைக் கொடுங்கள்’ என்று உறவினர் நெருக்குவார்கள். இறந்து ஒரு வருடம் ஆகும்வரை கொடுக்கக் கட்டாயம் இல்லை என்று வாரிசுரிமைச் சட்டம் பிரிவு 337 இருக்கிறது, அதைக் காட்டுங்கள். வாங்க இருந்தவர் கொடுத்த முன்பணம் திரும்பக் கொடுக்க வேண்டி வரலாம். அந்தத் தொகையை வட்டியோடு ஒதுக்கி வைக்காமல் பிரித்துவிட்டால் பற்றாக்குறை எக்ஸிகியூட்டர் தலையில்தான் விழும்.

புரொபேட் வாங்கினால், கிடைத்த நாளிலிருந்து 6 மாதத்தில் சொத்துப் பட்டியலும் ஒரு வருடத்தில் கணக்கும் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். இரண்டு வழக்குகளும் புரோநோட்டும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.