இருக்கைக்கு அடியில் ஒரு நடுக்கம்

குழு: நம்ம வீடு

நான்: மாமா, வண்டி இன்னும் நடுங்குகிறது. நான்கு சக்கரத்துக்கும் பேலன்சிங் செய்தாயிற்று, அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. 50-ஐத் தாண்டினால் தொடங்குகிறது, 65-ல் தாங்க முடியவில்லை.

பெரிய மாமா: ஸ்டியரிங் ஆடுகிறதா, இல்லை இருக்கையும் தரையும் நடுங்குகின்றனவா?

நான்: ஸ்டியரிங் ஆடவில்லை. காலுக்குக் கீழே தரைதான். கியர் லீவரும் சேர்ந்து அதிர்கிறது.

பெரிய மாமா: அப்படியானால் முன்சக்கரத்தை இப்போதைக்கு விட்டுவிடு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் 65-ல் போ. ஒரு கியர் குறைத்து, அதே 65-ல் ஓட்டிப் பார். அப்புறம் நியூட்ரலில் உருளவிடு. இன்ஜினை மட்டும் அணைத்துவிடாதே, பிரேக் கனத்துவிடும்.

அக்கா: கியரை எதற்கு மாற்ற வேண்டும் மாமா?

பெரிய மாமா: கியர் மாறினால் இன்ஜின் சுற்றும் மாறும். வேகம் அதேதான் என்பதால் சக்கரமும், கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீளத் தண்டான புரொப்பல்லர் ஷாஃப்டும் சுற்றும் கணக்கு மாறாது. நடுக்கம் அப்படியே இருந்தால் இன்ஜின்மேல் பழி இல்லை.

நான்: பார்த்துவிட்டேன். எந்தக் கியரிலும் அதே வேகத்தில் அதே நடுக்கம். நியூட்ரலில் கொஞ்சம் குறைகிறது, போகவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் கூடுகிறது. ஆட்டம் என்று சொல்ல முடியாது, 'ர்ர்ர்' என்று ஒரே ரீங்காரம்.

பெரிய மாமா: அந்த ரீங்காரம்தான் துப்பு. சக்கரத்தின் சுற்றளவு 2.2 மீட்டர் என்று வை. 60 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்கு ஏழரைச் சுற்று சுற்றும். பின் அச்சின் பல் விகிதம் 4 என்றால் ஷாஃப்ட் நொடிக்கு 30 சுற்று. ஷாஃப்டின் முனையில் சாய்வாகவும் சுற்றவிடுகிற சிலுவை வடிவ இணைப்பு இருக்கிறதே, அந்தக் கிராஸில் கோளாறு என்றால் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும், ஆக நொடிக்கு 60 அதிர்வு. சக்கரத்து ஆட்டம் மெதுவாகக் குலுக்கும், ஷாஃப்ட் இப்படித்தான் முனகும். இது எப்போது ஆரம்பித்தது?

நான்: கிளட்ச் பிளேட் மாற்றிய பிறகு என்று நினைக்கிறேன்.

பெரிய மாமா: அடடா, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கியர்பாக்ஸை இறக்காமல் கிளட்ச் மாற்ற முடியாது, ஷாஃப்டைக் கழற்றாமல் உன் வண்டியில் கியர்பாக்ஸ் இறங்காது. நாளை பகலில் அடியில் பார்த்துப் படம் அனுப்பு.

அம்மா: ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதே. ஸ்டாண்டு வை, சக்கரத்துக்குக் கட்டை வை.

பெரிய மாமா: அம்மா சொல்வதைக் கேள். தூக்கி நிறுத்தி ஓடவிட்டும் பார்க்காதே. ஆபத்து ஒருபுறம், அச்சு தொங்கினால் ஷாஃப்டின் கோணமே மாறிவிடும்.

நான்: [படம்]

பெரிய மாமா: ஷாஃப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கிற, இரண்டாகப் பிரிந்த கவைகளைப் பார். இரண்டும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். பின்னால் இருப்பது லேசாகத் திரும்பியிருக்கிறது. நடுவில் ஷாஃப்டின் ஒரு பாதி மறுபாதிக்குள் பல்வரிசையில் நுழைகிற இடத்தைக் கழற்றிவிட்டு, ஓரிரு பல் தள்ளி மாட்டியிருக்கிறார்கள்.

அக்கா: இரண்டு பல்லுக்கா இவ்வளவு?

பெரிய மாமா: ஆமாம் மா. கிராஸ் சாய்வாக நின்று சுற்றும்போது ஒரே சீராகச் சுற்றாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும். மறுமுனைக் கிராஸ் அதே சாய்வில், கவை நேராக இருந்தால், முதலாவது முந்துகிற அளவு இது பிந்திச் சரிக்கட்டும். கவை திரும்பினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். பேலன்சும் இரண்டு பாதியைச் சேர்த்து வைத்துத்தான் பார்த்திருப்பார்கள், அதுவும் கெடும். பின் லீஃப் ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை வைத்து வண்டியை உயர்த்துகிறவர்களுக்கும் நடுக்கம் வருவது சாய்வு மாறுவதால்தான்.

அக்கா: என் கார் ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது உதறுகிறதே, அதுவும் இதுவா?

பெரிய மாமா: உன்னுடையது முன்சக்கர இழுவை, அதில் இந்த நீள ஷாஃப்டே கிடையாது. சக்கரத்துக்குப் போகிற குட்டை ஷாஃப்டில் கியர்பாக்ஸ் பக்கத்து உள் ஜாயின்ட் தேய்ந்திருக்கலாம். திருப்பத்தில் 'டக் டக்' என்றால் வெளி ஜாயின்ட். ஜாயின்ட்டை மூடியிருக்கிற ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று முதலில் பார்.

நான்: மாமா, கழற்றிவிட்டேன். சேற்றைச் சுரண்டினால் இரண்டு பாதியிலும் அம்புக்குறி இருக்கிறது! இரண்டு பல்தான் தள்ளியிருந்தது.

பெரிய மாமா: அம்புகளை நேருக்கு நேர் வைத்து மாட்டு. அதற்குமுன் கிராஸ்களைக் கையால் எல்லாப் பக்கமும் அசை. நடுவில் சிக்கினாலோ, கிராஸ் முனையை மூடுகிற கப் ஓரம் துருப்பொடி இருந்தாலோ மாற்றிவிடு. போல்ட்டை மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்கு.

நான்: கிராஸ் வழவழவென்று இருந்தது. மாட்டி ஓட்டினேன். 65-ல் தரை அமைதி! 85-ல் மட்டும் மெல்லிய அதிர்வு. பின்முனையில் சின்னதாக ஒரு பற்றவைப்புத் தடம் தெரிகிறது.

பெரிய மாமா: பேலன்சுக்காக அங்கே பற்றவைத்திருந்த எடைத்தகடு விழுந்திருக்கும். ஹோஸ் கிளாம்ப் ஒன்றை அந்த முனையில் கட்டு. சாக்பீஸால் சுற்றி நான்கு இடம் குறித்து, திருகுத் தலையை ஒவ்வொரு இடமாக வைத்து ஓட்டிப் பார். எங்கே குறைகிறதோ அங்கேதான் எடை கேட்கிறது.

நான்: மூன்றாவது குறியில் ஏறக்குறைய போய்விட்டது. அந்தத் தடத்தின் பக்கம்தான்.

பெரிய மாமா: அருமை! ஆனாலும் கிளாம்போடு விட்டுவிடாதே. மெஷினில் பேலன்ஸ் செய்து தகடு பற்றவைக்கக் கொடு.

நான்: நாளை கொடுக்கிறேன். கழற்றுவதற்கு முன்பே இரண்டு பாதிக்கும், ஷாஃப்டைப் போல்ட் போட்டு இணைக்கிற ஃபிளாஞ்சுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் கோடு இழுத்துவிட்டேன். [படம்]

பெரிய மாமா: அந்தக் கோட்டைக் கையாலேயே தொட்டுக் காட்டி, இதே பல்லில் மாட்டச் சொல்.